பின்விளக்கின் பின்னால் ஒரு வாய்

விடியலுக்கு முன் போடிநாயக்கனூரிலிருந்து கிளம்பும் ஜீப்புகள், 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டில் கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் கூலியாட்களை இறக்கிவிடுகின்றன. மாலையில் அதே ஜீப்பு, அதே வளைவுகள், அதே ஆட்கள். இந்த மலைகளின் வரலாற்றை எழுதியோர் ஏலக்காய் விலையை எழுதியிருக்கிறார்கள்; லயங்களையும் எல்லைச் சிக்கலையும் எழுதியிருக்கிறார்கள். ஜீப்பு அந்த எழுத்துகளில் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் டேங்குக்கு வாய் எங்கே இருக்கிறது என்பது அற்பமான கேள்வியாகவே தோன்றும். ஒரு மோட்டார் வண்டி தன் எரிபொருள் வாயை எங்கே வைத்திருக்கிறது, அதை ஏன் காட்டுகிறது அல்லது மறைக்கிறது என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் மிக வியப்பான கட்டம், பின்விளக்கையே கதவாக்கி அதன் பின்னால் வாயை ஒளித்துவைத்த கட்டம்.

தொடக்கத்தில் மறைப்பு அழகுக்காக நேரவில்லை. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் டேங்க் முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. நிரப்ப வேண்டுமானால் ஓட்டுநர் இறங்கி, மெத்தையைத் தூக்கி, மூடியைத் திருக வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு குச்சியை உள்ளே விட்டு நனைந்த அளவைப் பார்ப்பார்கள். பெட்ரோலை எஞ்சினுக்கு ஏற்ற பம்பு கிடையாது. ஈர்ப்பு விசையாலேயே அது முன்னோக்கி வடிந்தது. ஆகவே டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான ஏற்றம் வந்தால், டேங்கின் மட்டம் எஞ்சினைவிடத் தாழ்ந்து வண்டி நின்றுவிடும். அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் காரைத் திருப்பி, பின்கியரில் மலை ஏறினார்கள். போடிமெட்டு போன்ற ஒரு பாதையில் அத்தகைய காரை எண்ணிப் பார்த்தால், டேங்கின் இருப்பிடம் என்பது வெறும் வடிவமைப்புச் செய்தி அல்ல என்பது புரியும்.

1927இன் இறுதியில் வந்த மாடல் ஏ காரில் டேங்க் முன் கண்ணாடிக்கு முன்னே, எஞ்சினுக்குப் பின்னே ஏறிக்கொண்டது. மூடி காரின் நெற்றியிலேயே வெளிப்படையாக நின்றது. ஈர்ப்பு விசையை நம்பியிருந்தவரை டேங்க் உயரத்தில்தான் இருந்தாக வேண்டும். எஞ்சினே இயக்கும் எரிபொருள் பம்பு பரவலான பிறகுதான் டேங்குக்கு விடுதலை கிடைத்தது; 1932 ஃபோர்டில் அது காரின் பின்கோடிக்குப் போனது. டேங்க் பின்னால் போனதும் வாயும் பின்னால் போயிற்று. பின் மட்கார்டில் ஒரு மூடி துருத்திக்கொண்டு நின்றது. இங்கேதான் அழகுணர்வு கொண்டோரின் கண்ணில் அது பட்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1927இல் வடிவமைப்புக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை ஹார்லி ஏர்ல் தலைமையில் அமைத்திருந்தது. 1930களில் அந்தப் பிரிவும் அதைப் பின்பற்றிய பிற நிறுவனங்களும் செய்த வேலையை ஒரே சொல்லில் ‘உள்வாங்கல்’ எனலாம். தனியாகத் தொங்கிய முன்விளக்குகள் மட்கார்டுக்குள் புதைந்தன. வெளியே கட்டப்பட்டிருந்த பெட்டி உடலுக்குள் போய் டிக்கியானது. கீல்கள் உள்ளே ஒளிந்தன. கார் என்பது பல உறுப்புகளின் தொகுப்பாகத் தோன்றாமல், ஒரே உலோகத் துளியாகத் தோன்ற வேண்டும் என்பது அந்தக் காலத்தின் ஆசை. மிஞ்சிய கறை பெட்ரோல் மூடிதான்.

1941ஆம் ஆண்டு கேடிலாக் அதற்கு ஒரு விடை கண்டது. இடப்பக்கப் பின்விளக்கின் அடியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு வட்டம் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் பூட்டு விடுபடும். விளக்கு முழுவதும் கீலில் மேலெழும். அதற்குக் கீழே மூடி. தெரியாதவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்று கண்டுபிடிக்க முடியாது. 1948இல் கேடிலாக்குக்குப் பின்துடுப்பு முளைத்தது. இரட்டை வால் கொண்ட பி-38 போர்விமானத்தைப் பார்த்துப் பெற்ற தூண்டுதல் அது. துடுப்பு வந்த பிறகும் அதன் கீழே இந்த ஒளிவிடம் தொடர்ந்தது. பிறகு நடுத்தர வர்க்கத்தின் காரான செவ்ரோலே இதை எடுத்துக்கொண்டது. அதன் 1955 மாடலில் இடப் பின் மட்கார்டில் வழக்கமான சிறுகதவு. 1956 மாடலில் இடப் பின்விளக்கே கீலில் சாயும் கதவு. 1957 மாடலில் பின்துடுப்பின் விளிம்பில் ஓடும் குரோமியப் பட்டையின் ஒரு பகுதி கதவு. அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் வாய் மூன்று இடங்களுக்கு மாறியது. தொழில்நுட்பத் தேவை எதுவும் இந்த இடமாற்றங்களைக் கோரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக ஒன்றைக் காட்டியாக வேண்டிய விற்பனைத் தேவையே கோரியது.

சொல்லைப் பற்றி இங்கே ஓர் இடைக்குறிப்பு. தமிழ் பாத்திரங்களுக்கு உடலைக் கொடுத்த மொழி. குடத்துக்கு வாய் உண்டு, கழுத்து உண்டு, வயிறு உண்டு. நீர் செல்லும் வழி வாய்க்கால். வீட்டுக்குள் நுழையும் இடம் வாயில், பிறகு வாசல். ஆங்கிலம் காரின் இந்த உறுப்பை ‘நிரப்பி’ என்ற பொருளில் ‘ஃபில்லர்’ என்கிறது; குழாயை மட்டும் ‘கழுத்து’ என்கிறது. அதே ஆங்கிலத்தில் பின்விளக்கு ‘வால்’விளக்கு. ஆக, கேடிலாக் செய்தது வாலுக்குப் பின்னால் வாயை வைத்தது. பட்டறைத் தமிழில் ‘டேங்க் மூடி’ என்ற வழக்கே நிலைத்திருக்கிறது. திறப்பைவிட அடைப்பே பெயர் பெற்றிருக்கிறது. பெட்ரோலைக் கையாள்வோரின் கவலை எது என்பதை அந்தப் பெயர் காட்டிவிடுகிறது.

கேடிலாக் விளக்கு மேலெழுந்த அதே 1941இல் வேறு இரண்டு நிகழ்வுகள். அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் நிறுவனம் ஜீப்பைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. இந்தியாவில் போர்க்காலப் பெட்ரோல் பங்கீடு வந்தது. பங்கீட்டின் விளைவைச் சென்னை மாகாணத்தின் சாலைகளில் எவரும் காணலாம்: பஸ்களின் முதுகில் கரிவாயு அடுப்பு ஏறியது. மரக்கரியை எரித்து வரும் வாயுவில் எஞ்சின் ஓடியது. காலையில் ஓட்டுநரோ கிளீனரோ அடுப்பை மூட்டி, காற்றடித்து, வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஏற்றத்தில் அந்த பஸ்கள் திணறின. உலகின் ஒரு கோடியில் எரிபொருளின் சுவடே தெரியாதபடி கார் மெருகேறிய ஆண்டில், இங்கே எரிபொருள் வண்டியின் முதுகில் புகைந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே போரின், ஒரே எண்ணெய்ப் பொருளாதாரத்தின் இரு முகங்கள்.

ஜீப்பின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ராணுவ ஜீப்பில் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில். மெத்தையைத் தூக்கினால்தான் மூடி. மாடல் டியின் பழைய ஏற்பாடே திரும்பி வந்தது. இங்கும் மறைப்பு உண்டு. ஆனால் அது இடநெருக்கடியின் மறைப்பு. வண்டியின் பின்புறத்தில், இடப்பக்கப் பின்விளக்கை ஒட்டி, 20 லிட்டர் பெட்ரோல் கேன் ஒன்றைக் கட்டிவைக்கும் சட்டமும் இருந்தது. கேடிலாக் எந்த இடத்தில் பெட்ரோலை மறைத்ததோ கிட்டத்தட்ட அதே இடத்தில் ஜீப்பு அதைப் பகிரங்கமாகச் சுமந்தது. 1945இல் பொதுமக்களுக்கான ஜீப்பு வந்தபோது டேங்க் பழைய இடத்திலேயே இருக்க, வாய் மட்டும் உடலின் வெளிப்பக்கத்துக்கு வந்தது. உழவரும் தொழிலாளியும் ஒவ்வொரு முறையும் மெத்தையைத் தூக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்ற எளிய புரிதல்தான் காரணமாக இருந்திருக்கும். போருக்குப் பின் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கிய மகிந்திரா நிறுவனம் இந்தப் பொதுமக்கள் வகையையே பல பத்தாண்டுகள் தயாரித்தது. ஏலமலைக்கு வந்து சேர்ந்தது இந்தப் பரம்பரைதான்.

கலிஃபோர்னியாவின் தனிவண்டிக் கலைஞர்களிடம் கதை மீண்டும் திரும்புகிறது. போர் முடிந்த ஆண்டுகளில், பழைய ஃபோர்டு, மெர்க்குரி கார்களை வாங்கி, கூரையைத் தாழ்த்தி, கைப்பிடிகளை நீக்கி, விளக்குகளை உடலுக்குள் புதைத்து, ஒவ்வொரு காரையும் ஒரே ஒரு காராக மாற்றும் பட்டறைகள் அங்கே தழைத்தன. சாம், ஜார்ஜ் பேரிஸ் சகோதரர்கள் அவர்களில் புகழ்பெற்றோர். 1951 மெர்க்குரி ஒன்றைக் கொண்டு 1952இல் அவர்கள் உருவாக்கிய ‘ஹிரோஹாட்டா மெர்க்’ இன்றும் அந்தக் கலையின் உச்சமாகப் பேசப்படுகிறது. கைப்பிடி முதலியவற்றை நீக்கி மேற்பரப்பை மழமழப்பாக்குவதை அவர்கள் ‘மழித்தல்’ என்ற பொருள்பட அழைத்தார்கள். துளைகளை அடைக்கவும் இணைப்புகளை மறைக்கவும் உருகிய ஈயக் கலவையைப் பூசினார்கள். நம் ஊர்ப் பட்டறையில் இன்று ‘பட்டி பார்க்கும்’ வேலையின் முன்னோடி அது. ஈயத்தின் கனத்தால் அந்தக் கார்களுக்கு ‘ஈயச் சறுக்குவண்டி’ என்ற கேலிப்பெயரே நிலைத்தது.

மழிக்கும்போது பெட்ரோல் மூடியும் போகும். போன வாய் எங்கே? பலர் அதை டிக்கிக்குள் வைத்தார்கள். பார்வைக்கு அது நிறைவான தீர்வு. இயற்பியலுக்கு மோசமான தீர்வு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கும். அதன் தீப்பற்றுநிலை சுழியத்துக்குக் கீழே 40 பாகையை ஒட்டியது என்பதால் எந்த மலைக்குளிரும் அதைத் தடுக்காது. மூடிய டிக்கியில் சிந்திய ஒரு குவளை பெட்ரோல் போதும். விளக்குச் சுவிட்சின் ஒரு பொறி மிச்ச வேலையைச் செய்துவிடும். எனவே கவனமுள்ள கைவினைஞர்கள் கேடிலாக்கின் ஏற்பாட்டை நோக்கித் திரும்பினார்கள்: வாய் மறைந்திருக்க வேண்டும், ஆனால் காருக்கு வெளியே இருக்க வேண்டும். கீலில் திரும்பும் பின்விளக்கு அந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றுகிறது.

அதைச் சரியாகச் செய்வது எளிதல்ல. விளக்குக் கூட்டைத் தாங்கும் கீல் உறுதியாக இருக்க வேண்டும்; குலுங்கினால் மூடிய விளக்கும் மட்கார்டும் உரசி வண்ணம் போகும். விளக்கு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குப் போகும் மின்கம்பி வளைகிறது. கூர்மையான தகட்டு விளிம்பில் அது உரசினால் உறை கிழியும். கிழிந்த கம்பி பொறி விடும் இடம் பெட்ரோல் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவுதான். ஆகவே கம்பி தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். கம்பிக்குப் போதிய தளர்ச்சி வேண்டும். பல விளக்குகள் ‘எர்த்’ இணைப்பைத் தம்மைத் தாங்கும் உலோகத்தின் வழியாகவே பெறுகின்றன. கீலில் துரு ஏறினால் அந்தப் பாதை கெட்டு விளக்கு மங்கும். பின்னால் வருபவருக்குப் பிரேக் விளக்கு தெரியாது. அதனால் எர்த்துக்குத் தனியாக ஒரு பின்னல் கம்பி போடுவது நல்ல பட்டறையின் அடையாளம். வாயைச் சுற்றி ஒரு கிண்ணம், கிண்ணத்தின் அடியில் சிந்தியதைத் தரைக்கு அனுப்பும் வடிகுழாய், டிக்கிப் பக்கம் ஆவி புகாதபடி அடைப்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவற்றில் எதுவுமே தெரியாது. இந்தக் கலையின் பெரும்பகுதி உழைப்பு, உழைப்பு நடந்ததே தெரியாமல் இருப்பதற்காகச் செலவாகிறது.

இந்த மறைப்பு யாருக்கானது? காரின் உடைமையாளர் அந்தக் காலத்தில் தாமே பெட்ரோல் ஊற்றியதில்லை. பங்கில் ஊழியர் ஓடி வருவார், கண்ணாடியைத் துடைப்பார், எண்ணெய் பார்ப்பார். விளக்கின் பின்னால் ஒளிந்திருக்கும் வாயைத் தேடியவர் அவர். உடைமையாளருக்குப் பெருமிதம் தந்த அந்த இரகசியம், ஊழியருக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம். எந்த ஆண்டு மாடலுக்கு எந்தப் பிடி என்று அவர் அறிந்திருக்க வேண்டும். அறியாவிட்டால் வாடிக்கையாளரின் முன்னால் விழிக்க வேண்டும். ஒளிக்கப்பட்ட வாயின் அழகு, அதைத் திறக்க வேறொருவர் எப்போதும் காத்திருக்கிறார் என்ற ஏற்பாட்டின் மேல் நின்றது.

அந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1970களில் குலைந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் செலவைக் குறைக்கத் தன்சேவைப் பங்குகள் பரவின. உடைமையாளரே குழாயைப் பிடிக்க வேண்டியதாயிற்று. தாமே ஊற்றுபவருக்குப் புதிர் பிடிப்பதில்லை. அதற்கு முன்பே பாதுகாப்புச் சட்டமும் வந்திருந்தது. எரிபொருள் கசிவைப் பற்றிய அமெரிக்கக் கூட்டரசின் 301ஆம் தரவிதி 1968இல் நடைமுறைக்கு வந்தது. 1976 செப்டம்பருக்குப் பின் தயாரான கார்கள் பின்மோதல் சோதனையையும் தாங்க வேண்டும் என்றது. பின்மோதலில் நிரப்புக்குழாய் டேங்கிலிருந்து பிய்ந்துவரும் ஆபத்து ஃபோர்டு பின்டோ விவகாரத்தில் உலகறிந்தது. 1978இல் ஏறத்தாழ 15 லட்சம் கார்கள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டபோது, செய்த திருத்தங்களில் ஒன்று நிரப்புக்குழாயை நீட்டியது. காரின் பின்கோடி, மோதலில் முதலில் நசுங்கும் இடம். அங்கே, விளக்கின் முதுகில், பெட்ரோல் வாயை வைப்பது இனி நியாயப்படுத்தக் கூடியதாக இல்லை. வாய் பக்கவாட்டுக்கு வந்து, சிறு கதவுக்குள் அமர்ந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் 1968 மாடலில் முன் பானெட்டுக்குள் இருந்த தன் வாயை வெளிப்பக்கத்துக்கு மாற்றியது. எளியோரின் கார் எனப்பட்ட பீட்டிலே அதுவரை வாயை மறைத்துத்தான் வைத்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறைப்பெல்லாம் செல்வச் செருக்கு என்று இந்த வரலாற்றைச் சுருக்கிவிட முடியாது.

இந்தியாவில் தன்சேவை வேரூன்றவில்லை. இங்கே பங்க் ஊழியர் இன்றும் இருக்கிறார். ‘சைபர் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மீட்டரைக் காட்டுகிறார். அமெரிக்கத் தர்க்கப்படி மறைவான வாய் தழைத்திருக்க வேண்டிய நாடு இது. தழைக்கவில்லை. ஊற்றுபவர் வேறொருவர் என்றாலும், ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்ற எச்சரிக்கை இங்கே வலுவானது. பெட்ரோல் விலை உயர்ந்த நாட்டில் வாய்க்குத் தேவைப்பட்டது பூட்டு; ஒளிவிடம் இரண்டாம்பட்சம். மோட்டார் சைக்கிள் டேங்கின் மேல் சாவித் துளையோடு மூடி பகிரங்கமாக இருப்பதை எவரும் அழகுக் குறையாகக் கருதுவதில்லை. எல்லைப் பகுதியில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது: 2023 ஏப்ரல் முதல் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரியை டீசல், பெட்ரோல் மேல் விதித்தபின், மலை ஏறுமுன்னே தமிழ்நாட்டுப் பங்கில் டேங்கை நிரப்பிக்கொள்வதற்கு ஓட்டுநருக்குக் காரணம் கூடியது.

இன்று கேரளத்தில் வண்டிகளைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்கும் இளைஞர் கூட்டம் பெரிது. ஜீப்புகளே அவர்களின் முதல் காதல். அவர்களில் ஒருவர் பின்விளக்கைக் கீலில் மாட்டி வாயை ஒளிக்க விரும்பினால் என்ன ஆகும்? மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பான பொருளில் விளக்கியது. விளக்கும் எரிபொருள் அமைப்பும் வகை ஒப்புதலுக்கு உட்பட்டவை என்பதால், பேரிஸ் சகோதரர்களின் மரபு இங்கே அதிகாரியின் கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும். சட்டத்தின் அக்கறையில் நியாயம் உண்டு. ஆயினும் அதே சட்டத்தின் கண்ணெதிரே, இருக்கைக் கணக்கை மீறி ஆட்களை நிறைத்துக்கொண்டு தோட்ட ஜீப்புகள் வளைவுகளில் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் விபத்துச் செய்திகள் தேனி, இடுக்கி நாளிதழ்ப் பக்கங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. தகட்டில் செய்யும் மாற்றம் எளிதில் கண்ணில் படுகிறது. இருக்கையில் நெருக்கிய உடல்கள் அவ்வளவு எளிதில் படுவதில்லை.

1956 செவ்ரோலேயின் விளக்கு கீலில் சாய்ந்த அதே ஆண்டு, நவம்பர் 1 அன்று, மொழிவழி மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தமிழர் பெரும்பான்மை என்ற அடிப்படையில் அவற்றைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய போராட்டம் தோற்றது. அதன்பின் வேலையும் உறவும் ஒவ்வொரு நாளும் கடக்க வேண்டிய எல்லையாயிற்று போடிமெட்டு. அந்த எல்லையைக் கடக்கும் ஜீப்பில் டேங்க் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில், மூடி வெளிப்பக்கத்தில், பின்கதவை ஒட்டி ஒரு கேன். பின்விளக்கு வெறும் விளக்காகவே இருக்கிறது. சேறு அப்பிய நாள்களில் அதுவும் தெரிவதில்லை.